நடுவதா, விட்டுவிடுவதா, தண்ணீரைச் சரிசெய்வதா? சீரழிந்த நிலத்தை மீட்க வழி தேர்ந்தெடுப்பது

ஒரு நிலம் சீரழிந்து கிடக்கிறது. காடாக இருந்ததை வெட்டி மேய்ச்சலுக்கு விட்டார்கள், மேய்ச்சலும் தேய்ந்ததும் கைவிட்டுவிட்டார்கள், இப்போது ஆளுயரப் புல்லும் முள்ளுமாக நிற்கிறது. அதை மீட்க ஒரு குழுவிடம் பொறுப்பும் ஓரளவு பணமும் வந்து சேர்ந்திருக்கிறது. முதல் கூட்டத்தில் பெரும்பாலும் கேட்கப்படுவது "என்ன கன்று நடலாம், எத்தனை நடலாம்" என்பதுதான். இந்த வேலையில் ஊறியவர்கள் அந்தக் கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு வேறொன்றில் தொடங்குவார்கள்: இந்த நிலம் ஏன் தானாகத் திரும்பி வரவில்லை, எது அதைத் தடுத்துக்கொண்டிருக்கிறது?

கீழே நான் ஒப்பிடும் எல்லா வழிகளையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன். விதை வந்து சேராததுதான் தடை என்றால் ஒரு வழி, தீயும் மாடும்தான் தடை என்றால் வேறு வழி, தண்ணீரின் ஓட்டமே மாறிப்போயிருந்தால் முற்றிலும் வேறு வழி. தடையைக் கண்டுபிடிக்காமல் கன்று நட்டால், தடை அப்படியே இருக்கும், கன்று சாகும். சீரழிந்த நிலத்தை மீட்பதாக நாடுகள் உறுதிமொழி கொடுக்கும் 'பான் சவால்' 2011இல் தொடங்கியது; அதன் கீழ் 2030க்குள் 35 கோடி ஹெக்டேர் நிலத்தை மீட்பது என்பது உலக இலக்கு. நாடுகள் கொடுத்த உறுதிமொழிகளை 2019இல் பிரித்துப் பார்த்த ஆய்வாளர்கள், அதில் சுமார் 45 விழுக்காடு வணிக மரத் தோட்டங்கள் என்று காட்டினார்கள். கன்று நடுவதையே விடையாக வைத்துக்கொண்டு ஆரம்பித்தால் இப்படித்தான் முடியும்.

வழிகளைத் தோராயமாக இப்படிச் சொல்லலாம்: ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவது, இருப்பது வளரக் கைகொடுப்பது, நடுவது, நீரையும் மண்ணையும் முதலில் சரிசெய்வது, விலங்குகளைத் திரும்பக் கொண்டுவருவது. கடைசியாக இன்னொன்று இருக்கிறது, மரத்தை வெட்டி அகற்றுவது. அதைச் சொன்னால் பலர் முகம் சுளிப்பார்கள், ஆனால் சில நிலங்களுக்கு அதுதான் சரியான மருந்து.

முதலில் எண்ணிப் பாருங்கள்

தாய்லாந்தின் சியாங் மாய் பல்கலைக்கழகத்தில் 1994 முதல் இயங்கிவரும் காடு மீட்பு ஆய்வுப் பிரிவு எளிமையான ஒரு முறையைப் பரப்பியிருக்கிறது. எனக்குத் தெரிந்து தீர்மானம் எடுக்க இதைவிட உதவியான கருவி குறைவு. நிலத்தில் அங்கங்கே 5 மீட்டர் ஆரத்தில் வட்டம் போடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஏற்கெனவே நிற்கிற மரங்கள், அரை மீட்டருக்கு மேல் வளர்ந்த இளங்கன்றுகள், துளிர்விடும் அடிக்கட்டைகள் எல்லாவற்றையும் எண்ணுங்கள். ஒரு ஹெக்டேருக்குச் சுமார் 3,100 மரங்கள் இருந்தால் சில ஆண்டுகளில் கிளைகள் கூடி, நிழல் விழுந்து, புல் ஒடுங்கிவிடும் என்பது அவர்கள் கணக்கு. வட்டத்துக்குச் சராசரியாக 25 கிடைத்தால் அந்த எண்ணிக்கை நிலத்திலேயே இருக்கிறது, ஒரு கன்றுகூட நட வேண்டாம், அதைக் காப்பாற்றினால் போதும். எட்டுதான் கிடைத்தது என்றால் ஹெக்டேருக்குச் சுமார் ஆயிரம் இருக்கிறது, மீதி 2,100ஐ நடலாம்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிற பல குழுக்கள் அசந்துபோகும், ஏனென்றால் தூரத்திலிருந்து வெறும் புல்லாகத் தெரிகிற இடத்தில் புல்லுக்கு அடியில் ஏகப்பட்ட கன்றுகள் மாட்டின் வாயிலும் தீயின் வாயிலும் வருடாவருடம் அகப்பட்டுத் தலையெடுக்க முடியாமல் நிற்கும். எண்ணும்போதே மற்றதையும் பார்த்துக்கொள்ளுங்கள்: சாணம் கிடக்கிறதா, மரப்பட்டையில் கரி இருக்கிறதா, மண் கம்பி இறங்காத அளவுக்கு இறுகிவிட்டதா, மேல்மண் மிச்சம் இருக்கிறதா, பக்கத்தில் பிழைத்த காட்டுத்துண்டு எவ்வளவு தூரம், பழம் தின்று விதை போடும் பறவைகளும் வௌவால்களும் இந்தப் பக்கம் வருகின்றனவா. ஒரு மழைக்காலமும் ஒரு வறண்ட காலமும் பார்த்துவிட்டு முடிவெடுக்க முடிந்தால் நல்லது. நிதி தருபவர்கள் அவசரப்படுத்துவார்கள், புரிகிறது. ஆனால் இங்கே தாமதத்தால் வரும் நஷ்டம் சிறியது, தவறான தேர்வால் வரும் நஷ்டம் பத்து வருடம்.

விட்டுவிடுவது

சரி, வட்டங்கள் நிறையக் கன்று காட்டின, காடும் பக்கத்திலேயே இருக்கிறது, மண்ணும் கெடவில்லை. அப்படியானால் வேலி போட்டுவிட்டு ஒதுங்குவது கௌரவக் குறைவான வேலை இல்லை. மத்திய, தென் அமெரிக்காவிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் கைவிடப்பட்ட விளைநிலங்களில் தானாக வளர்ந்த காடுகளை அளந்து 2021இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, 20 வருடத்தில் அவை பழைய காட்டின் இயல்புகளில் சராசரியாக 78 விழுக்காட்டை எட்டிவிடுகின்றன என்றது. சராசரிக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம்: மண்ணின் வளம் பத்து வருடத்துக்குள் மீள்கிறது, காட்டின் கட்டமைப்புக்கு 25 முதல் 60 வருடம் ஆகிறது, மொத்த உயிர்ப்பொருளும் எந்தெந்த இனங்கள் இருக்கின்றன என்பதும் பழைய நிலைக்கு வர 120 வருடத்துக்கு மேல். "காடு வந்துவிட்டது" என்று யாராவது சொன்னால் இவற்றில் எது வந்துவிட்டது என்று கேளுங்கள்.

இதன் பலவீனங்களையும் சொல்ல வேண்டும். நட்ட காட்டையும் தானாக வந்த காட்டையும் உலகளவில் ஒப்பிட்டு, தானாக வந்ததே மேல் என்று 2017இல் ஓர் ஆய்வு சொன்னது. அதற்கு நியாயமான ஒரு மறுப்பு வந்தது: தானாக வந்த காடு என்று அளக்கப்படும் இடங்கள் எல்லாம் ஏற்கெனவே காடு வந்துவிட்ட இடங்கள், வராமலே போன இடங்களை யாரும் அந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. கன்று நடுகிறவர்களோ பெரும்பாலும் மோசமான நிலத்தில்தான் நடுகிறார்கள். ஆக அந்த ஒப்பீட்டை அப்படியே எடுத்துக்கொண்டு எல்லா நிலத்தையும் விட்டுவிடுவது தப்பு.

இன்னொன்று, இது எனக்கு இதைவிடப் பெரிய கவலை. தானாக வளரும் புதர்க்காடு பார்ப்பவர் கண்ணுக்கு ஆளில்லாத நிலம். தெற்குக் கோஸ்டா ரிக்காவில் அப்படி முளைத்த இளங்காடுகளில் பாதி 20 வருடத்துக்குள் மறுபடி வெட்டப்பட்டுவிட்டன. கன்று வரிசையாக நின்றால், பலகை ஒன்று நட்டிருந்தால், "இங்கே யாரோ எதையோ செய்கிறார்கள்" என்று அக்கம்பக்கம் ஒதுங்கும். விட்டுவிடும் வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் உயிரியல் வேலையில் மிச்சம்பிடித்த நேரத்தை எல்லைப் பேச்சுவார்த்தையிலும் உரிமைப் பத்திரத்திலும் செலவிட வேண்டியிருக்கும்.

கைகொடுப்பது

எனக்கு மிகவும் பிடித்த வழி இது, அதை மறைக்கப் போவதில்லை. செலவு குறைவு, அந்த நிலத்துக்குப் பழகிய மரங்களே வரும், தோற்றாலும் பெரிதாக எதையும் கெடுக்காது. என்ன செய்கிறோம்? முளைத்திருக்கிற கன்றுகளுக்குக் குச்சி ஊன்றி அடையாளம் வைக்கிறோம், சுற்றிலும் புல்லை ஒடுக்குகிறோம், தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறோம், மாட்டைச் சில வருடம் வெளியே வைக்கிறோம். பிலிப்பைன்ஸில் தருப்பை இனப் புல் மண்டிய மலைச்சரிவுகளில் புல்லை வெட்டுவதில்லை, வெட்டினால் இன்னும் வேகமாகத் துளிர்க்கும் என்பதால் கயிறு கட்டிய பலகையால் மிதித்துச் சாய்த்துவிடுவார்கள். சாய்ந்த புல் அடியிலிருக்கும் புல்லுக்கு வெளிச்சம் விடாது, தீப்பிடித்தாலும் நின்ற புல்லைப் போலக் கொழுந்துவிட்டு எரியாது.

இந்த வழியின் பலத்துக்கு நைஜர் நாட்டைவிடப் பெரிய சாட்சி இல்லை. 1980களின் தொடக்கத்தில் மராடி பகுதியில் வேலைசெய்த ஆஸ்திரேலியர் டோனி ரினாடோ, நட்ட கன்றுகள் வறட்சியில் செத்துக்கொண்டே இருந்தபோது, வயலில் புதர் என்று நினைத்து வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தவை உண்மையில் வெட்டப்பட்ட மரங்களின் வேர்களிலிருந்து வரும் துளிர்கள் என்று கவனித்தார். வேர் ஆழத்தில் உயிரோடிருக்கிறது, தண்ணீரும் அதற்குக் கிடைக்கிறது. நாலைந்து நல்ல துளிர்களை விட்டுவிட்டு மீதியைக் கழித்தால் போதும். விவசாயிகள் கைப்பட்டு அந்நாட்டின் தெற்கில் சுமார் 50 லட்சம் ஹெக்டேர் விளைநிலத்தில் மரம் திரும்பியது. அங்கே இருந்த தடை ஒன்று உயிரியல் சம்பந்தமே இல்லாதது: மரம் அரசாங்கத்தின் சொத்து என்ற பழைய ஏற்பாடு, தன் வயலில் நிற்கும் மரம் தனக்குப் பயன்படாது என்றால் விவசாயி எதற்கு அதை வளர விடுவார்? அந்தப் பிடி தளர்ந்து, வளர்த்தவர் வெட்டி விற்கலாம் என்ற நிலை வந்த பிறகுதான் வேகம் பிடித்தது.

வறண்ட காட்டுக்குக் கோஸ்டா ரிக்காவின் குவானகாஸ்டேயைப் பாருங்கள். சூழலியலாளர்கள் டேனியல் ஜான்ஸெனும் வினி ஹால்வாக்ஸும் 1980களில் அங்கே முதலில் செய்தது தீயை நிறுத்துவது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஹராகுவா புல் வருடந்தோறும் எரிந்து கன்றுகளைக் கொன்றுகொண்டிருந்தது. தீ நின்றதும் காற்றில் பறக்கும் விதைகள் முதலில் வந்தன, அப்புறம் விலங்குகள் சுமந்து வருபவை. புல்லின் கனத்தைக் குறைக்க ஆரம்பத்தில் மாடுகளையே மேயவிட்டார்கள். மாடு எப்போதும் எதிரி என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கைகொடுக்கும் வழி எங்கே தோற்கும்? வட்டத்தில் ஒன்றுமே இல்லாத இடத்தில். எத்தனை வருடம் புல்லைச் சாய்த்தாலும் விதையும் வேரும் இல்லாத மண்ணிலிருந்து காடு எழாது. அப்புறம், வந்து சேர்கிற இனங்கள் சிறு விதைக்காரர்களாகவே இருக்கும். பெரிய விதை கொண்ட மரங்களை விழுங்கிச் சுமக்கும் இருவாச்சி போன்ற பறவைகள் அற்றுப்போன இடத்தில் அந்த மரங்களை நாம்தான் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

நடுவது, ஆனால் எப்படி நடுவது

நடுவதற்குள்ளேயே மூன்று வெவ்வேறு தேர்வுகள் இருக்கின்றன, அவற்றை ஒரே பேரில் அழைப்பதால் குழப்பம்.

ஒன்று, ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் பெயரில் பரவியிருக்கும் நெருக்க நடவு. மண்ணைக் கிளறி உரமேற்றி, சதுர மீட்டருக்குச் சுமார் மூன்று கன்று, அதாவது ஹெக்டேருக்கு 30,000 வரை. வெகுவேகமாகப் பச்சை தரும். நகரத்தில் பள்ளிக்கூட ஓரத்திலும் தொழிற்சாலை விளிம்பிலும் சின்ன இடத்துக்கு இது நல்ல வழி. நிலப்பரப்பு அளவில் இதை யோசிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, ஒரு ஹெக்டேருக்குச் செலவாகும் கன்றுகளை வைத்துச் சியாங் மாய் முறையில் பத்து ஹெக்டேர் நடலாம். புல்வெளியிலும் வறண்ட புதர்நிலத்திலும் அடர்காட்டை எழுப்புவது மீட்பே கிடையாது.

இரண்டாவது, சட்டக மர முறை. 1980களில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் தோன்றி, சியாங் மாயில் வளர்த்தெடுக்கப்பட்டது. உள்ளூர்க் காட்டு மரங்களில் 20 முதல் 30 இனங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள்: திறந்த வெயிலில் பிழைக்க வேண்டும், சீக்கிரம் அகலமாகக் கிளை விரித்துப் புல்லை ஒடுக்க வேண்டும், சின்ன வயதிலேயே பூவோ பழமோ கொடுத்துப் பறவைகளை இழுக்க வேண்டும். மீதி இனங்களைப் பறவைகள் கொண்டுவரும் என்ற எதிர்பார்ப்பில்தான் முழு முறையும் நிற்கிறது, ஆகவே சில கிலோமீட்டருக்குள் ஒரு காட்டுத்துண்டும் அதில் பறவைகளும் மிச்சமிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நட்ட 30 இனம் 30 ஆகவே நிற்கும்.

மூன்றாவது, தீவுகளாக நடுவது. தெற்குக் கோஸ்டா ரிக்காவில் கேரன் ஹோலும் ராகன் ஸஹாவியும் 2000களின் நடுவில் தொடங்கிய சோதனை இந்தத் துறையில் அடிக்கடி பேசப்படுவது. கால் ஹெக்டேர் துண்டுகளில் ஒன்றில் முழுவதும் 313 கன்று, இன்னொன்றில் சிறு சிறு கும்பல்களாக 86 கன்று, மூன்றாவதில் ஒன்றும் இல்லை. 15 வருடம் கழித்துப் பார்த்தபோது தீவுகள் விரிந்து ஒன்றோடொன்று கூடியிருந்தன, பெரும்பாலான அளவீடுகளில் முழு நடவுக்குச் சமமாக இருந்தன. ஒன்றும் நடாத துண்டுகள் பின்தங்கியிருந்தன. கால்வாசிக் கன்றில் ஏறத்தாழ அதே பலன். எனக்கு இதில் இன்னும் பிடித்தது, தீவு முறையில் காடு ஏற்றத்தாழ்வாக வருகிறது, ஓரிடம் அடர்த்தி, ஓரிடம் திறந்த வெளி, இயற்கைக் காடும் அப்படித்தான் இருக்கும். என்ன, பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்காது, "வேலையைப் பாதியில் விட்டுவிட்டார்கள்" என்று சொல்வார்கள், இடையில் கிடக்கும் புல்லில் தீ வந்தால் தீவும் போகும்.

நடுவதற்கு எதிராக மட்டும் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் வால்பாறைப் பகுதியின் சிதைந்த மழைக்காட்டுத் துண்டுகளில் களை அகற்றி, பல இன உள்ளூர்க் கன்றுகள் நட்ட இடங்களையும் அப்படியே விடப்பட்ட இடங்களையும் 7 முதல் 15 வருடம் கழித்து ஒப்பிட்டார்கள். நட்ட இடங்கள் மர அடர்த்தியிலும் இன எண்ணிக்கையிலும் கரிமச் சேமிப்பிலும் தெளிவாக முன்னே இருந்தன. உண்ணிச்செடி போன்ற களை மண்டி, தாய்மரங்கள் தூரமாகிவிட்ட இடத்தில் காத்திருப்பதால் களைதான் வலுக்கும். அங்கே நடவு தடையை நேராகத் தாக்குகிறது, அதனால் பலித்தது.

பணம் போதாத குழுக்களுக்கு ஒரு தகவல்: பிரேசிலின் அட்லாண்டிக் காட்டுப் பகுதியில் உள்ளூர் மரங்களுக்கு நடுவே யூக்கலிப்டஸ் வரிசைகளை நட்டு, ஐந்து வருடத்தில் அதை மட்டும் வெட்டி விற்றால், மீட்புச் செலவில் 44 முதல் 75 விழுக்காடு திரும்புகிறது என்று சோதனைகள் காட்டின, உள்ளூர் மரங்களின் மறுவளர்ச்சியும் பெரிதாகக் கெடவில்லை. அயல்மரம் என்றாலே தொடக்கூடாது என்ற கொள்கை உள்ளவர்களுக்கு இது கசக்கும். வெட்டுவேன் என்று சொன்னவர் உண்மையிலேயே ஐந்தாம் வருடம் வெட்டுவாரா என்பதுதான் என் தயக்கம்.

நீரும் மண்ணும் கெட்ட இடத்தில் கன்று எதற்கு

மோசமான தோல்விகளும் அழகான வெற்றிகளும் இங்கேதான் கிடக்கின்றன. சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கடற்கரையில் அலையாத்தி நட்ட 23 இடங்களை ஆய்வாளர்கள் பிற்பாடு போய்ப் பார்த்தபோது ஒன்பதில் ஒரு கன்றுகூட உயிரோடில்லை. காரணம் விசித்திரமானதல்ல. அலையாத்தி கடல்மட்டத்துக்குச் சற்று மேலே, ஓதம் வந்து போகும் ஒரு குறுகிய உயரப் பட்டையில்தான் வளரும். அந்தப் பட்டை பெரும்பாலும் இறால் பண்ணையோ சாலையோ குடியிருப்போ ஆகிவிட்டது, உரிமைச் சண்டை உள்ள நிலம். ஆகவே சண்டை இல்லாத சேற்றுத்திட்டில், நாளின் பெரும்பகுதி தண்ணீருக்கடியில் இருக்கும் இடத்தில் போய் நடுகிறார்கள். கன்று மூச்சுமுட்டிச் சாகிறது. அதுவும் போதாதென்று அந்தச் சேற்றுத்திட்டு கரையோரப் பறவைகளின் இரைக்களம்.

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ராபின் லூயிஸ் என்ற சூழலியலாளர் இதைத் தலைகீழாகச் செய்தார். வெஸ்ட் லேக் பூங்காவில் சுமார் 500 ஹெக்டேர் பரப்பில் நிலத்தின் உயரத்தைப் பக்கத்திலிருந்த நல்ல அலையாத்திக் காட்டின் உயரத்துக்குச் சமமாக்கி, ஓதநீர் வந்து போகக் கால்வாய்களைத் திறந்துவிட்டார்கள். அலையாத்தி நடவே இல்லை. விதைகள் கடலில் மிதந்து தாமாக வந்து பிடித்துக்கொண்டன. அவர் வற்புறுத்திவந்த வரிசை இதுதான்: முதலில் தண்ணீர் ஏன் மாறியது என்று பார், அதைச் சரிசெய், விதை வருகிறதா என்று காத்திரு, வராவிட்டால் மட்டும் நடு.

ஆற்றுக்கும் இதுவே. ஃப்ளோரிடாவின் கிஸிமி ஆறு சுமார் 166 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஓடியது. வெள்ளத் தடுப்புக்காக 1962 முதல் 1971 வரை அதை 90 கிலோமீட்டர் நேர்க்கால்வாயாக்கினார்கள். கரையோரச் சதுப்பு காய்ந்தது, நீர்ப்பறவைகள் போயின. 1999இல் கால்வாயை மண் போட்டு நிரப்பத் தொடங்கி 2021இல் முடித்தார்கள், ஆற்றின் நடுப்பகுதி பழைய வளைவுகளுக்குத் திரும்பியது. வெள்ளம் சமவெளியில் பரவ ஆரம்பித்ததும் சதுப்புச் செடிகளும் நீண்ட கால் பறவைகளும் திரும்பின. கெடுக்க ஒன்பது வருடம், அதில் ஒரு பகுதியை மட்டும் சரிசெய்ய அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல்.

இந்தோனேசியாவில் 1996இல் நெல் விளைவிக்க என்று சுமார் பத்து லட்சம் ஹெக்டேர் கரிச்சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கால்வாய் வெட்டினார்கள். மக்கிய இலைதழை பல மீட்டர் ஆழத்துக்குக் குவிந்த நிலம் அது, ஈரமாக இருக்கும்வரை பத்திரம், காய்ந்தால் விறகு. 1997இலும் 2015இலும் எரிந்தது. அங்கே கால்வாயை அடைத்து நீர்மட்டத்தை ஏற்றாமல் நடப்படும் எந்தக் கன்றும் அடுத்த தீக்குப் போகும்.

மண் கெட்டுப்போன இடத்துக்கு ஒரு சம்பவம். 1990களில் குவானகாஸ்டேயில் ஒரு பழச்சாறு ஆலையின் 12,000 டன் ஆரஞ்சுத் தோலை மூன்று ஹெக்டேர் தேய்ந்த மேய்ச்சல் நிலத்தில் கொட்டினார்கள். வழக்கு வந்து திட்டம் நின்றுபோனது, இடமும் மறக்கப்பட்டது. 16 வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் பக்கத்து நிலத்தைவிட மரங்களின் உயிர்ப்பொருள் 176 விழுக்காடு கூடுதல். தோல் மக்கி மண்ணுக்குச் சத்தைக் கொடுத்தது, வெளிச்சத்தை மறைத்து அயல்புல்லை அழுத்தியது, இரண்டு தடையும் ஒரே அடியில் போயின. இதைப் பார்த்து எங்கும் கழிவைக் கொட்டலாம் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது, பக்கத்தில் காடு இருந்ததும் அங்கே விதை வந்ததும்தான் மீதி வேலையைச் செய்தன.

விலங்குகளைக் கொண்டுவருவது

மேயும் விலங்கும் வேட்டை விலங்கும் திரும்பினால் மீதி தானாக நடக்கும் என்பது மறுகாட்டாக்கம் பேசுபவர்களின் நம்பிக்கை. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் 1995, 1996இல் ஓநாய்களை விட்டதும் மான்கள் குறைந்து, வில்லோ மரங்கள் தழைத்து, ஆறே மாறிவிட்டது என்ற கதை உலகம் முழுக்கப் பரவியது. கதை அழகு, உண்மை இன்னும் சிக்கல். ஓநாய் இல்லாத எழுபது வருடத்தில் ஓடைகளில் அணை கட்டும் கொறிவிலங்குகளான பீவர்கள் போய், அவற்றின் அணைகள் உடைந்து, ஓடைகள் ஆழமாக அரித்து நிலத்தடி நீர் இறங்கிவிட்டது. இருபது வருடச் சோதனையில், மானைத் தடுத்த வேலிக்குள் செயற்கை அணை கட்டி நீரையும் ஏற்றிய இடங்களில்தான் வில்லோ நன்றாக உயர்ந்தது. விலங்கு திரும்பியும் நீர் திரும்பாவிட்டால் பாதிதான்.

நெதர்லாந்தின் ஊஸ்ட்வார்டர்ஸ்பிளாசனில் சுமார் 5,600 ஹெக்டேர் வேலியிட்ட நிலத்தில் மாடு, குதிரை, செம்மான்களை விட்டு, இயற்கையே எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தட்டும் என்று இருந்தார்கள். வேட்டை விலங்கு கிடையாது, குளிரில் வேறிடம் போக வழியும் கிடையாது. 2017-18 குளிர்காலத்தில் 3,000க்கும் மேற்பட்டவை செத்தன, பெரும்பாலானவை பட்டினியில் சாகும் முன் சுடப்பட்டன. கொள்கையை மாற்ற வேண்டியதாயிற்று. பெரிய, தொடர்ச்சியான நிலம் இல்லாதவர்கள் இந்த வழியைத் தொடவே கூடாது என்பது என் கருத்து.

மரம் வேண்டாத நிலம்

புல்வெளியைச் சீரழிந்த காடு என்று தப்பாகப் படிப்பதைவிடப் பெரிய சேதம் இந்தத் துறையில் இல்லை என்று நினைக்கிறேன். பழைய புல்வெளி என்பது மண்ணுக்கடியில் வேரும் கிழங்குமாக நூற்றாண்டுகள் சேர்த்த சேமிப்பு. உழுதோ மரம் நட்டோ அதை அழித்துவிட்டால் பழைய இன வளம் திரும்பக் குறைந்தது ஒரு நூற்றாண்டாவது ஆகும் என்று 2020இல் தொகுத்துக் காட்டினார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத் தாவரத் தோட்டத்தில் 1930களிலிருந்து மீட்கப்பட்டுவரும் கர்ட்டிஸ் புல்வெளிதான் இத்துறையின் மூத்த சோதனைக்களம். அங்கே நட்டும் விதைத்தும் பார்த்துவிட்டு, 1940களில் கட்டுப்படுத்தி எரித்த பிறகுதான் புல்வெளி இனங்கள் அயல்புல்லை மீறி எழுந்தன. குவானகாஸ்டேயில் தீயை நிறுத்தியது மருந்து, இங்கே தீயை வைத்தது மருந்து. ஓரிடத்துப் பாடத்தை இன்னோர் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதற்கு இந்த இரண்டும் போதும்.

தென்னாப்பிரிக்கா 1995இல் தொடங்கிய 'தண்ணீருக்காக உழைத்தல்' திட்டம் மரம் வெட்டுவதையே மீட்பாக்கியது. நீர்ப்பிடிப்பு மலைகளில் பரவிய அயல் வேலமரங்களும் பைன் மரங்களும் ஓடைநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தன. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்து அவற்றை வெட்டினார்கள். பிரச்சினை எங்கே வருகிறது என்றால், வேலமர விதை மண்ணில் பல பத்தாண்டு உறங்கும், வெட்டிவிட்டுப் போனால் அடுத்த மழையில் பாய் விரித்தாற்போல முளைக்கும். திரும்பத் திரும்ப வரப் பணம் இல்லையென்றால் முதல் வெட்டே வேண்டாம்.

சீனாவின் லோஸ் பீடபூமியில் 1999க்குப் பிறகு சரிவு வயல்களை மரமும் புல்லுமாக மாற்றினார்கள், மண்ணரிப்பு மிகவும் குறைந்தது, உண்மையான சாதனை. ஆனால் 2016இல் வெளியான ஆய்வு, புதிய தாவரங்கள் குடிக்கும் நீர் அப்பகுதி தாங்கும் எல்லையை நெருங்கிவிட்டது என்று எச்சரித்தது. எவ்வளவு பச்சை என்பதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு, அதை மழைதான் வைக்கிறது.

எந்தப் பழைய நிலைக்கு?

சர்வதேசச் சூழலியல் மீட்புச் சங்கத்தின் தரவரைவு ஒப்புநிலம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதை நோக்கிப் போகச் சொல்கிறது: இந்த இடம் கெடாமல் இருந்திருந்தால் இன்று எப்படி இருக்கும் என்பதற்கான உருவம். நல்ல நடைமுறை, பொய் இலக்குகளைத் தடுக்கிறது. ஆனால் காலநிலை நகர்கிறது. நூறு வருடத்துக்கு முந்தைய மழையை வைத்துத் தேர்ந்தெடுத்த இனங்கள் அடுத்த ஐம்பது வருட வெயிலில் நிற்குமா? விதையை உள்ளூரிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும் என்ற பழைய விதியைச் சிலர் தளர்த்தி, பெரும்பகுதி உள்ளூரிலிருந்தும் ஒரு பங்கு சற்று வெப்பமான பகுதியிலிருந்தும் கலக்கிறார்கள். எனக்கு இது நியாயமாகப் படுகிறது, இனத்தை மாற்றாமல் அதன் சந்ததிக்குள் வேறுபாட்டைக் கூட்டுவது மட்டுமே என்பதால்.

புவேர்ட்டோ ரிக்கோவில் கைவிட்ட வயல்களில் ஆப்பிரிக்காவின் பட்டாடி மரம் தானாகக் காடாகி, அதன் நிழலில் உள்ளூர் மரங்கள் முளைத்ததை ஏரியல் லூகோ பல பத்தாண்டுகள் பதிவுசெய்தார். ஆக ஓர் அயல்மரம் நிற்கிறது என்பதே வெட்டக் காரணமாகாது. அதன் அடியில் என்ன முளைக்கிறது என்று குனிந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நான் எப்படிப் பிரிப்பேன்

நூறு ஹெக்டேர் நிலம் கையில் இருந்தால் அதை ஒரே வழியில் மீட்க மாட்டேன். காட்டு ஓரத்தில் வட்டத்துக்கு 25க்கு மேல் எண்ணிக்கை வந்த பகுதிக்கு வேலியும் தீத்தடுப்பும் மட்டும். நடுவே அரைகுறையாக முளைத்த பகுதியில் புல்லைச் சாய்த்து, பறவைகள் கொண்டுவராத பெரிய விதை மரங்களை மட்டும் சேர்ப்பேன். தூரத்தில் ஒன்றுமே இல்லாத சரிவில் தீவு நடவு, தீ அபாயம் அதிகமென்றால் முழு நடவு. ஓடை அரித்துப்போன பள்ளத்தில் கன்று எதுவும் வைக்காமல் முதலில் சிறு தடுப்புகளால் நீரை ஏற்றப் பார்ப்பேன். பழைய புல்வெளித் துண்டு எங்காவது இருந்தால், அது எத்தனை சின்னதாக இருந்தாலும், யாரும் அங்கே குழி தோண்டக்கூடாது.

பணத்தில் பாதியையாவது மூன்றாம் வருடத்துக்கு அப்புறம் செலவழிக்க வைத்துக்கொள்வேன். பெரும்பாலான நிதி இரண்டு, மூன்று வருடத்தில் முடிகிறது, சரியாகக் களையும் தீயும் கன்றைத் தோற்கடிக்கக்கூடிய காலத்தில். நிதி தருபவரோடு ஒப்பந்தம் எழுதும்போது நட்ட கன்றின் எண்ணிக்கையை இலக்காக ஏற்றுக்கொள்ளாதீர்கள், அது நட வேண்டாத இடத்திலும் உங்களை நட வைக்கும். அதற்குப் பதில் ஐந்தாம் வருடம் எவ்வளவு நிழல் விழுகிறது, நடாத இனங்கள் எத்தனை வந்து சேர்ந்தன, நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள். நிலத்தில் மாடு மேய்ப்பவரும் விறகு எடுப்பவரும் யார் என்று தெரிந்து அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்பதையும் அதே காகிதத்தில் எழுதுங்கள். இரண்டாம் வருடக் கணக்கெடுப்பைப் பார்த்து ஒரு பகுதியின் வழியையே மாற்றிக்கொள்ளலாம் என்ற ஷரத்தையும் முதலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.